மாப்பிள்ளையின் குதிகால்

கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து அன்பரசனின் அக்கா ராஜாத்தி அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். காலைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எங்க, காட்டு. நல்லாத் தூக்கு."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டுவான். குதிகால் மஞ்சள் பாரித்து, செருப்பின் அடிப்பாகம் போலக் கெட்டித்துக் கிடந்தது. விரல்களுக்குக் கீழே மேடான இடத்திலும் அப்படியேதான். ஓரம் நெடுக வெடிப்பு. பெரிய வெடிப்பில் ஒரு நெல்லைச் செருகினால் விழாமல் நிற்கும். கூட வேலை பார்க்கும் எல்லையம்மாள் ஒரு தடவை செருகியே காட்டியிருக்கிறாள்.

"இதப் போயி அந்த மனுசன் தாம்பாளத்துல வச்சுக் கழுவணுமேடா," என்பாள் ராஜாத்தி. "ஊரே பாக்கும். வீடியோக்காரன் கிட்டக்க வந்து எடுப்பான்."

பெண் வீட்டு வழக்கம் அது. தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் இரண்டு கால்களையும் தாம்பாளத்தில் வைத்து, பாலும் தண்ணீரும் விட்டுக் கையால் தேய்த்துக் கழுவி, துண்டால் துடைத்துச் சந்தனம் பூசுவார். ஒப்புக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லையாம் தியாகேசன். மூத்த மருமகனுக்கு விரல் இடுக்கு வரைக்கும் துடைத்துவிட்டாராம். இதைத் தரகர் பெருமையாகச் சொன்னபோது அன்பரசன் தன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

காலில் தோல் கெட்டித்திருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. வயலில் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். தியாகேசனே பூதலூரில் பயிர் வைக்கிறவர். சிக்கல் வேறு. மாப்பிள்ளை அரவை மில்லில் மேனேஜர் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மேனேஜருக்கு எப்படி இப்படி ஒரு கால் இருக்கும்?

பாபநாசத்துக்கு வெளியே இருந்த அந்த மில்லில் அன்பரசன் களத்து ஆள். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் கிளறிவிட வேண்டும். பாதத்தைத் தூக்காமல் இழுத்து நடந்தால் நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, உழுத சால் போல விழும். அடியில் இருந்த ஈர நெல் மேலே வரும். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வரும்போது சாலை மாற்றிப் போட வேண்டும். பொழுது சாய்கிற வரை இதே நடைதான். களத்தில் செருப்புக்கு இடம் கிடையாது. சோறாகப் போகிற நெல்லைச் செருப்போடு மிதிக்க அங்கே யாருக்கும் மனம் வராது. முதலாளியே ஓரத்தில் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார். பதினாறு வயதில் அன்பரசன் முதன்முதலாக இறங்கியபோது சூடு தாங்காமல் ஒற்றைக்காலில் குதித்தான். தோல் காய்க்கக் காய்க்கச் சூடு தெரியாமல் போனது.

மேனேஜர் பட்டம் வந்தது இப்படி. சாயங்காலம் வேலை முடிந்ததும் அவன் கடைத்தெரு மாடியில் நடக்கும் கணினி வகுப்புக்குப் போய்க் கணக்கு எழுதுகிற டாலி படித்துக்கொண்டிருந்தான். படித்தால் பயன் உண்டா என்று அவனுக்கே நிச்சயமில்லை. ஆனாலும் வகுப்பைத் தவறவிட்டதில்லை. மில்லில் இருக்கிறான், டாலி படிக்கிறான் என்ற இரண்டையும் தரகர் ஒன்றாக ஒட்டி, "மில்லுக் கணக்கெல்லாம் இவருதான்" என்றார். பூதலூர் போய்ச் சேர்ந்தபோது அது மேனேஜர் ஆகியிருந்தது.

பெண் பார்க்கப் போன அன்று தியாகேசன் நேராகவே கேட்டார்: "மேனேஜர் வேலைன்னா பொறுப்பு சாஸ்திதான், இல்லீங்களா?"

அன்பரசன் வாயில் கேசரி இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். விழுங்குவதற்குள் ராஜாத்தி, "ஆமாங்க, நேரத்துக்குச் சாப்புடக்கூட விட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். அடுத்த நிமிஷமே பேச்சு மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் போய்விட்டது. தட்டு மாற்றிக்கொண்டு வெளியே வந்து வேனில் ஏறிய பிறகும் அவன் நாக்கில் அந்தக் கேசரியின் நெய் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு பூர்ணிமா தினமும் போன் செய்ய ஆரம்பித்தாள். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். கடையில் வருகிறவர்களைப் போலவே பேசிக்காட்டி அவனைச் சிரிக்க வைப்பாள்.

"இன்னிக்கி ஆபீஸ்ல என்ன வேலை உங்களுக்கு?" என்று கேட்பாள்.

"சும்மா, நெல்லு வந்துச்சு."

"நெல்லு தினமும்தான் வருது. நீங்க என்ன பண்ணீங்க?"

"பாத்துக்கிட்டேன்."

"நல்லாப் பாத்தீங்க போங்க. ரூம்ல ஏசி இருக்கா?"

அவன் மில்லுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டால் கழுத்தைத் துடைத்தபடி, "இருக்கு" என்றான். போனை வைத்ததும் ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசித்தான். மேனேஜர் என்ற பொய் தரகருடையது. ஏசி அவனே வாங்கி மாட்டியது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். ஒரு நாள் தள்ளிப் போனால் மறுநாள் சொல்வதற்கு இன்னொரு பொய்யும் சேர்ந்துவிடும். அவளோடு பேசாமலும் அவனால் இருக்க முடியவில்லை.

எனவே கால்தான் மாற வேண்டும் என்று ஆகிவிட்டது.

ராஜாத்தி வைத்தியத்தைத் தொடங்கினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கல்லுப்புப் போட்டு ஊறவைப்பது, ஊறிய தோலைக் கல்லால் தேய்ப்பது, ஈரம் ஒற்றிவிட்டு விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசுவது. தேங்காயெண்ணெயில் மெழுகுவத்தியை உருக்கி வெடிப்பில் விடுவது. அதன்மேல் சாக்ஸ் போட்டுப் படுப்பது. பக்கத்து வீட்டில் பப்பாளிப் பழம் என்றார்கள், பப்பாளியும் வந்தது. அன்பரசனுக்கு எதையும் ஒழுங்காகச் செய்தாக வேண்டும். எது வேலை செய்கிறது என்று தெரிய இடது காலுக்கு விளக்கெண்ணெய், வலது காலுக்கு மெழுகு என்று பிரித்துக்கொண்டான். ராஜாத்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏண்டா, ஒத்தக்காலத்தான் கழுவுவாரா அவரு?" என்றாள்.

இரண்டு காலும் கொஞ்சம் இளகின. காலையில் பார்த்தால் வெடிப்பு வாய் மூடியிருக்கும். மில்லுக்குப் போய் ஒரு பகல் களத்தில் நடந்தால் சாயங்காலம் மறுபடி திறந்துகொள்ளும். ஊறவைத்து இளக்கிய தோலில் சூடு நேராக ஏறியது. வெறுங்காலில் நடக்காதீர்கள், மெத்தென்ற செருப்பு போடுங்கள், தினமும் எண்ணெய் தடவுங்கள் என்று போனில் பார்த்த வீடியோவில் எல்லாம் சொன்னார்கள். களத்தில் செருப்பு போடக்கூடாத ஆள் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் சாக்ஸோடு களத்தில் இறங்கிப் பார்த்தான். ஈர நெல் நூலில் ஒட்டி, உள்ளே புகுந்து, இரண்டு சால் போவதற்குள் கால் பூசணிக்காய் போல உப்பிவிட்டது.

எல்லையம்மாள் தலைச்சும்மாடு அவிழச் சிரித்தாள். "மொதலாளி! இங்க வந்து பாருங்க. அன்பு கால்லயே நெல்லு கடத்துறான்!"

முதலாளி மீரா உசேன் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தார். "தம்பி, கழட்டி ஒதறிட்டு வேலையப் பாரு. உன் காலு அழகு யாருக்கு வேணும் இங்க?"

கழற்றி உதறினான். சிரிப்பு அடங்கவே இல்லை. அவனும் சிரித்து வைத்தான்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. முகூர்த்தம் நெருங்கியது. அன்பரசன் மருந்துக்கடையில் கால் ஆணிக்குப் போடுகிற பிளாஸ்டர் கேட்டான். கடைக்காரர், "ஆணி இருக்குற எடத்துல மட்டும் ஒட்டுங்க. நல்ல தோல்ல பட்டா தின்னுடும்" என்றார். அவன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து குதிகாலைப் பார்த்தபோது நல்ல தோல் எது, கெட்ட தோல் எது என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எல்லாமே ஒரே மாதிரிக் கெட்டியாக இருந்தது. மருந்து இருந்த நடுப்பகுதியை வெட்டி வெட்டிக் குதிகால் முழுக்க அடுக்கி ஒட்டினான். விரலடி மேட்டிலும் ஒட்டினான். மேலே சாக்ஸ்.

பிரித்தபோது தோல் வெள்ளை வெளேரென்று வெந்திருந்தது. கிள்ளி இழுத்தான். தட்டையாக ஒரு பாளம் வந்தது. வலியே இல்லை. அதுதான் அவனை ஏமாற்றியது. இன்னும் இழுத்தான். உள்ளே ரோஜா நிறத்தில் குழந்தையின் பாதம் போல ஒன்று தெரிந்தது. ராஜாத்தி பார்த்துவிட்டு, "மாப்ள காலுன்னா இதுடா!" என்று கையைத் தட்டினாள்.

அந்தக் காலோடு மறுநாள் களத்தில் இறங்கினான். முதல் சாலின் பாதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெல்லின் மூக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தியது. சிமெண்டுச் சூடு எலும்பு வரைக்கும் போனது. நின்றால் சுட்டது, நடந்தால் குத்தியது. மதியத்துக்குள் குதிகாலில் கொப்புளம் கட்டி உடைந்துவிட்டது. அவன் பாதி சாலில் நின்றுகொண்டு களத்தின் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தான். எந்தப் பக்கம் போனாலும் அதே தூரம்தான்.

எல்லையம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"அடப்பாவி. உரிச்சுப்புட்டியா?"

"கல்யாணத்துக்குக்கா."

"கல்யாணம் ஒரு நாளு. அப்பறம் சோத்துக்கு என்னடா பண்ணுவ?"

வகுப்பில் டாலி முடித்துவிட்டால் வேறு வேலை கிடைக்கும், பொய் தானாகவே உண்மையாகிவிடும் என்று அவன் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான். அது கூட்டினால் சரியாக வருகிற கணக்குதானா என்று பல தடவை சந்தேகப்பட்டிருந்தான். வகுப்பு முடிவதற்கே தை ஆகிவிடும்.

அன்று சாயங்காலம் பூர்ணிமா போனில் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "ஒண்ணு சொல்றேன், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. கல்யாணச் சோத்துக்கு வீட்டு நெல்லத்தான் அவிக்கணும்னு அப்பா சொல்லிட்டாங்க. மாப்ள மில்லு இருக்கறப்ப வேற எடத்துக்கு ஏன் போவணும்னு, நாளைக்கு வண்டியில ஏத்திக்கிட்டு உங்ககிட்டதான் வர்றாங்க. சொல்லாம வந்து நிக்கணுமாம். ஒரே சந்தோஷம் அவங்களுக்கு."

"நாளைக்கா?"

"ஏன், லீவா நீங்க?"

"இல்ல, இருக்கேன்," என்றான். லீவு என்று சொல்லியிருக்கலாம் என்பது போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

காலையில் அவன் மீரா உசேன் முன்னால் போய் நின்றான். கணக்குப் பார்க்கிற நாகநாதன் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், நாற்காலி காலியாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பொய்யி ஒன்னுது, நாற்காலி என்னுதா?"

"மாமா நெல்லப் போட்டுட்டுப் போற வரைக்கும்தாங்க மொதலாளி."

"உக்காரு. ஆனா ஒண்ணு, நான் வாயத் தொறந்து பொய் சொல்ல மாட்டேன். அவரு என்னக் கேட்டா உள்ளதச் சொல்லிடுவேன். கேக்காம இருந்தா அது ஒன் அதிர்ஷ்டம்."

ராஜாத்தியின் கணவருடைய ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு அன்பரசன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தான். புண்ணில் சாக்ஸ் ஒட்டிக்கொண்டது. தியாகேசன் வெற்றிலைச் சிரிப்போடு வந்து இறங்கி, "எப்புடி! சொல்லாம வந்துட்டேன் பாத்தீங்களா மாப்ள?" என்றார். அவன் எழுந்து கும்பிட்டான். நின்ற இடத்திலேயே கும்பிட்டதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நெல் ஊறல் தொட்டிக்குப் போனது. போய்விடுவார் என்று அன்பரசன் மூச்சு விட்டான்.

"நாளைக்கு அவிச்சு காயப்போடுவீங்கல்ல? நான் வந்து கூடவே இருக்கேன். நம்ம வீட்டு விசேஷ அரிசி பாருங்க, கண்ணால பாத்து எடுத்துக்கிட்டுப் போனாத்தான் மனசு ஆறும்."

அடுத்த நாளும் ஷூ. அடுத்த நாளும் நாற்காலி.

காலையிலேயே ஆவி பறக்கும் நெல்லைக் களத்தில் கொட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் களம் முழுக்கத் தெரியும். எல்லையம்மாளும் இன்னொரு பெண்ணும் மட்டுமே சால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆள் வேலை. மூன்றாவது ஆள் மேஜைக்குப் பின்னால் இருந்தான். எதிரே தியாகேசன் உட்கார்ந்து, டீயை ஆற்றிக் குடித்தபடி மண்டபத்து ஜெனரேட்டரைப் பற்றிப் பேசினார். எல்லையம்மாள் இரண்டு சாலை முடித்துத் திரும்பும்போதெல்லாம் அன்பரசனின் கால் மேஜைக்கு அடியில் தானாக ஒரு இழுப்பு இழுத்தது. ஷூவுக்குள் தீ பிடித்த மாதிரி எரிந்தது.

"ஏன் மாப்ள, மொகமே சரியில்லியே?"

"வேலை சாஸ்திங்க மாமா."

"அதான் அன்னிக்கே சொன்னனே," என்றார் அவர் பெருமையாக.

மத்தியானம் திரும்பியதும் வெயிலின் நிறம் மாறியது. அன்பரசன் அதை ஜன்னல் நிழலிலேயே கண்டுகொண்டான். மேற்கே திருவையாற்றுப் பக்கம் வானம் ஈயப் பாத்திரம் போலக் கறுத்து வந்தது. நெல் முக்கால் காய்ச்சல் காய்ந்திருந்தது. இந்த நேரத்தில் நனைந்தால் நாற்றம் பிடித்துவிடும், சோற்றில் தெரியும். எல்லையம்மாள் வானத்தைப் பார்த்தாள், ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. நெல் தள்ளும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கூட இருந்த பெண் தார்ப்பாயை இழுக்க முடியாமல் இழுத்தாள். முதலாளி கும்பகோணம் போயிருந்தார்.

காற்று தூசியோடு உள்ளே அடித்தது. தியாகேசன் திரும்பிப் பார்த்து, "அய்யய்யோ, நெல்லு!" என்று எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த அவசரத்திலும் களத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினார்.

அன்பரசன் வாசல் வரை வந்தான். மேனேஜர் என்றால் இங்கேயே நின்று சத்தம் போட வேண்டும். சத்தம் போட்டால் போதும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். தியாகேசன் கையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளிய பக்கம் களத்தின் வாட்டம். தண்ணீர் எல்லாம் அங்கேதான் ஓடி வாய்க்காலில் விழும். அவர் தன் மகள் கல்யாணச் சோற்றைத் தானே வாய்க்காலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

முதல் துளி சிமெண்டில் விழுந்து ஆவியானது.

அன்பரசன் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். சாக்ஸ் புண்ணோடு சேர்ந்து வந்தது. பல்லைக் கடித்து இழுத்தான். பிறகு எதையும் யோசிக்கவில்லை.

"மாமா! அந்தப் பக்கம் வேணாம்! வாட்டம் அங்கதான்! நடுவுக்குத் தள்ளுங்க, மேட்டுக்கு!"

கயிறு கட்டிய பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தான். "எல்லையக்கா, அந்த மூலைய வழிச்சுக்கிட்டு வா. தார்ப்பாய காத்துக்கு எதுக்கப் புடிக்காதீங்க, அந்தாண்ட போயி விரிங்க!" நெல் அலையாகச் சுருண்டு நடுமேட்டுக்கு ஏறியது. அவன் திரும்பினான், இழுத்தான், திரும்பினான். கீழே என்ன மிதிபடுகிறது என்று தெரியவில்லை. கால் வலித்ததா என்று பிறகு நினைத்துப் பார்த்தபோதும் ஞாபகத்துக்கு வரவில்லை. மழை கொட்ட ஆரம்பித்தபோது குவியல்மேல் தார்ப்பாய் விழுந்து, நான்கு ஓரத்திலும் செங்கல் ஏறியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம்தான் நனைந்தது.

நான்கு பேரும் கொதிகலன் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். அன்பரசன் ஒரு சாக்கின்மேல் தொப்பென்று உட்கார்ந்தான். தியாகேசன் தலையைத் துவட்டிக்கொண்டே அவனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து சாக்கு வரைக்கும் ஈரத்தில் சிவப்பாகத் தடம் வந்திருந்தது. துண்டைத் தோளில் போட்டுவிட்டு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். அவன் காலை இழுத்துக்கொள்வதற்குள் கணுக்காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன வருசமா இந்தக் களத்துல?"

எல்லையம்மாள் மற்றவளை இழுத்துக்கொண்டு கொட்டகையின் அந்த முனைக்குப் போனாள்.

"பதினாறு வயசுலேர்ந்துங்க."

"இது என்ன, யாரு உரிச்சது?"

"நானேதான். பிளாஸ்டர் போட்டு."

"எதுக்கு?"

"நீங்க கழுவுவீங்கன்னு."

தியாகேசன் காலைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. "தரகரு மேனேஜருன்னாரு."

"ஆமாங்க."

"தரகரு நூறு சொல்லுவான். நான் ஒங்க மொகத்தப் பாத்துல்ல கேட்டேன்? நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க மாமா."

"அதத்தான் கேக்குறேன். களத்துல வேல பாக்குறதுல எனக்கு ஒண்ணுமில்ல. நானும் சேத்துல நிக்கிறவன்தான். கேட்டா வாயத் தொறக்காதவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, நாளைக்கு அவ எதக் கேட்டு எதத் தெரிஞ்சுக்குவா?"

மழைச் சத்தம் தகரத்தில் அதிர்ந்தது. அக்கா முந்திக்கொண்டாள் என்று சொல்லலாம். கேசரி என்று சொல்லலாம். எல்லாமே உண்மைதான். எதுவும் போதாது.

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றார் தியாகேசன் எழுந்துகொண்டே. "நீங்க சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. நான் ஆபீஸுக்குள்ள போயி உக்காந்திருக்கேன்." மழையில் நனைந்தபடியே களத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

பூர்ணிமா எடுத்ததும், "அப்பா கெளம்பிட்டாங்களா? அங்க மழையா?" என்றாள்.

அவன் சொன்னான். கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான், வரவில்லை. முதலில் காலைச் சொன்னான், பிறகு களத்தை, பிறகு நாற்காலியை. ஏசி இல்லை என்றான். பேசுகிறபோதெல்லாம் வேப்பமரத்தடியில்தான் இருந்தேன் என்றான். கடையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் எனக்குச் சொல்றீங்களா?"

"அவங்களே பாத்துட்டாங்க."

"பாக்கலேன்னா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படித்தான் தினமும் நினைத்திருந்தான். ஆனால் தினமும் சொல்லாமலும் இருந்திருந்தான்.

"தெரியல. சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்," என்றான்.

மிஷின் நின்றது. யாரோ காசு கேட்டார்கள், அவள் "இருங்கண்ணே" என்றாள். போனை வைத்துவிடப் போகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"எனக்கு இப்ப ஒங்க மேல கோவமா வருது. எத நம்புறதுன்னு தெரியல. இத்தன நாளு நான் பேசுனது யாருகிட்ட?"

"என்கிட்டதாங்க."

"அத நான்ல சொல்லணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் அங்க வர்றேன். நீங்க களத்துல வேல பாக்குறத நான் நின்னு பாக்கணும். அப்பறம் சொல்றேன், வேணுமா வேணாமான்னு."

"எப்ப வர்றீங்க?"

"நாளைக்கே வர்றேன்."

அவன் காலைப் பார்த்தான். "நாளைக்கு முடியாதுங்க. கால்ல தோலே இல்ல. களத்துல நிக்க முடியாது."

"எப்பதான் முடியும்?"

"புண்ணு ஆறணும். ஆறுனாலும் அது பச்சத் தோலு. காய்க்கணும். புரட்டாசி ஆயிடும்."

"அப்ப ஆவணி முகூர்த்தம் இல்ல," என்றாள். அது கேள்வியா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். கால் காச்சதும் கூப்புடுங்க. அதுக்கு முன்னாடி கூப்புடாதீங்க. நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு பொய் சொல்லுவீங்க."

வைத்துவிட்டாள்.

மழை விட்டுத் தூறலானது. ஆபீஸ் வாசலில் தியாகேசன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார், தலையை மட்டும் ஆட்டினார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது, அடித்து வைத்த பத்திரிகைகளை என்ன செய்வது என்று அன்பரசன் வரிசையாக யோசிக்கப் பார்த்தான். முதலாவதிலேயே நின்றுவிட்டான்.

எல்லையம்மாள் வந்தாள். "என்னடா சொன்னா?"

"கால் காச்சதும் கூப்புடச் சொன்னா."

"அப்பறம்?"

"அப்பறம்தான் தெரியும்."

"வேணாம்னுட்டா?"

"இன்னும் இல்ல. சொன்னாலும் சொல்லலாம்."

அவள் சும்மாட்டுத் துணியை உதறித் தலையில் சுற்றினாள். "சரி. அந்த ஓரத்துல நனஞ்சதத் தனியா பரப்பணும். வெயில் எட்டிப் பாக்குது. நீ உக்காரு, நாங்க பாத்துக்கிறோம்."

அவர்கள் இறங்கிப் போனார்கள். அன்பரசன் சாக்கிலிருந்து எழுந்து கொட்டகை வாசலுக்கு நொண்டி வந்தான். மழை நனைத்த சிமெண்டு குளிர்ந்திருந்தது. ஒரு காலை மட்டும் அதில் வைத்தான். முள்ளில் வைத்த மாதிரி இருந்தது. எடுக்காமல், எரிச்சல் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, இன்னொரு காலையும் வைத்தான்.